வெளுக்காத போஸ்டர்

யோசனை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கரண்டு போயிருந்த நேரத்தில். அருப்புக்கோட்டையில் எங்கள் மெடிக்கல் இருக்கும் தெருவைச் சுற்றி நாலா பக்கமும் தறிச் செட்டுகள். விசைத்தறிச் சத்தம் இங்கே பிறந்தவர்கள் காதில் விழாது. அது நிற்கும்போதுதான் இத்தனை நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதே தெரியும். அப்படி நின்ற ஒரு நேரத்தில், தறி ஓட்டுகிற அக்கா ஒருவர் படியேறி வந்து கவுண்டர் கண்ணாடி மேல் ஒரு காகிதக் கவரை வைத்தார். தலையெல்லாம் பஞ்சு. கவருக்குள் இரண்டு முழு அட்டையும் ஒரு வெட்டின அட்டையும். எல்லாம் ரோஸ் கலர் மாத்திரை.

"பாப்பா, இத நீயே எடுத்துக்க. இனிமே எனக்கு வேணாம்."

"ஏன்க்கா, டாக்டர் மாத்திட்டாகளா?"

"டாக்டரு ஒண்ணும் மாத்தல. இது போதை மாத்திரையாம்ல. செட்டுல படம் போட்டு ஒட்டிருக்காக. இதே ரோஸு. இத்தன வருசமா என்னத்தத் தின்னுக்கிட்டு இருந்தேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது வலிப்பு மாத்திரை. அவருக்கு அது எழுதிக் கொடுக்கப்பட்டு நாலு வருஷம் ஆகிறது, அந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மதுரைக்குப் போய் நரம்பு டாக்டரிடம் காட்டிவிட்டு, சீட்டோடு நேராக எங்கள் கடைக்கு வருவார். எடுத்துக் கொடுக்கிறவள் நான்.

"எந்தப் படம்க்கா?"

"அதான், சுவிட்சு போர்டு பக்கத்துல இருக்கே. மேல கவர்மெண்டு முத்திரை போட்டு."

சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. அந்தப் போஸ்டரை அந்த இடத்தில் ஒட்டியது நான்தான்.

போஸ்டரில் தப்பு இருக்கிறது என்று உரியவர்களிடம் சொன்னால் திருத்திவிடுவார்கள். என் யோசனை இவ்வளவுதான். ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். அது பங்குனிக் கடைசி. இப்போது ஆவணி பிறந்துவிட்டது.

ஒட்டின கதையைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும்போதே நான் ஒரு தன்னார்வலர் குழுவில் இருந்தேன். மருந்தியல் முடித்து மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், பேரணி, உறுதிமொழி என்று எது வந்தாலும் முதல் ஆளாக நிற்பேன். அதற்கு எனக்குக் காரணமும் இருந்தது. போதைக்காக மாத்திரை கேட்டு வருகிறவர்களை வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது கவுண்டரில் பார்க்கிறேன். சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றால் ஒருவன் கெஞ்சுவான், ஒருவன் முறைப்பான். அவர்கள் வயதுதான் எனக்கும். அதனால் போதை ஒழிப்புப் போஸ்டர்களை ஒட்ட ஆள் வேண்டும் என்று ஒரு ஆபீஸிலிருந்து கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தேன். மைதாவைக் காய்ச்சி வாளியில் பசை எடுத்துக்கொண்டோம். டவுன் முழுக்க ஒட்டிவிட்டு, திருச்சுழி ரோட்டில் ஒவ்வொரு பஸ் நிறுத்தமாக நிறுத்தி, வீரசோழன் வரைக்கும் போனோம். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து மடியில் போஸ்டர் கட்டை வைத்துக்கொண்டு, கருவேல மரங்களைத் தவிர ஒன்றும் இல்லாத ரோட்டில் நான் பாடிக்கொண்டே போனதாக, வண்டி ஓட்டின தோழி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

தறிச் செட்டுக்குள் ஒட்டலாம் என்பது என் சொந்த யோசனை. வேலை பார்க்கிறவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பார்கள், வெயில் மழை படாது. செட்டு முதலாளியிடம் நானே போய் அனுமதி கேட்டேன். அவர் கடவுள் படத்துக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். நான் சுவிட்சு போர்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். கிளம்பும்போது, "அண்ணே, இது கவர்மெண்டு போஸ்டர், யாரும் கிழிச்சிராமப் பாத்துக்கங்க" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

ஒட்டுகிற அவசரத்தில் நான் அதை வாசிக்கவில்லை. தலைப்பைப் பார்த்தேன், முத்திரையைப் பார்த்தேன், நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

அன்றைக்கு மத்தியானம், கரண்டு வருவதற்குள், அக்காவோடு செட்டுக்குப் போய் முதல் தடவையாக வாசித்தேன். நடுவில் பெரிதாக ஒரு மாத்திரை அட்டை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் அட்டையின் ஓரத்தில் பாதி எழுத்து தெரிந்தது. நான் தினமும் கையில் எடுக்கிற அதே மருந்து, அதே கம்பெனி. அதற்குக் கீழே, போதைக்கு அடிமையானவர்களைக் கண்டுபிடிக்கும் அடையாளங்கள்: தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், ஞாபக மறதி, கை நடுக்கம். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற எத்தனையோ பேருக்கு இதில் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதற்கும் கீழே, சிவப்பு எழுத்தில்: டாக்டர் சீட்டு இருந்தாலும் இவ்வகை மாத்திரைகளை வைத்திருப்பது குற்றம்.

குற்றமே இல்லை. சீட்டு எதற்காக எழுதுகிறார்கள்?

எங்கள் ஊரில் மாத்திரைக்குப் பெயர் கிடையாது, கலர்தான். சுகர்க்காரர்கள் 'பெரிய வெள்ளை' கேட்பார்கள். பிரஷருக்கு 'பொடி மஞ்ச'. 'ரெண்டு கலர் குழாயி', 'பாதியா ஒடச்சுத் திங்கிறது', 'போன தடவ குடுத்த செவப்பு' என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். நாங்களும் அட்டையை வெட்டி, காகிதக் கவரில் போட்டு, மேலே சூரியன் ஒன்று நிலா ஒன்று வரைந்து கொடுத்துவிடுவோம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ரோஸ் மாத்திரையைப் பெரிதாகப் படம் போட்டுக் குற்றம் என்று எழுதினால், அதன் பெயரை யார் பார்க்கப்போகிறார்கள்?

செட்டு முதலாளி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதுல இருக்கது தப்பு. அக்கா சாப்பிடுறது வலிப்பு மாத்திரை."

"ஏம்மா, நீதான வந்து ஒட்டுன?"

"ஆமாண்ணே. வாசிக்காம ஒட்டிட்டேன்."

"நல்லாருக்கே. வாசிக்காம நீ ஒட்டுவ, வாசிச்சுட்டு நாங்க கிழிக்கணுமா? நாளைக்கு ஆபீசர் வந்து நோட்டீஸ எங்கன்னு கேட்டா, உன்னையவா கேப்பாக, என்னைய கேப்பாக."

அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி அவரிடம் குரலைத் தணித்துச் சொன்னார்: "தாயி, உன்னையப் பத்தி எனக்குத் தெரியும். ஆனா தறிக்கிட்ட நிக்கிற ஆளு. பையில அந்த மாத்திரையோட மட்டும் உள்ள வராத. எனக்கு வம்பு வேணாம்."

அவர் கெட்டவர் இல்லை என்பதையும் எழுத வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

கவரை அக்கா கையிலேயே திரும்பத் திணித்தேன். ஒரு வேளைகூட விடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம், நாடாக் கட்டை குறுக்கும் மறுக்கும் பறக்கிற தறிக்குப் பக்கத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் சொன்னேன். "சரி பாப்பா, சரி பாப்பா" என்றார். ஒரு வாரத்தில் போஸ்டரையே மாற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

போஸ்டர் அடித்த ஆபீஸ் எது என்று எழுதப்போவதில்லை. பஸ்ஸில் போய் இறங்கி, வேப்பமரத்தைத் தாண்டி, படி ஏறினால் இரண்டாவது அறை. அங்கே ஒரு சார் இருந்தார். அவர் மேஜையைச் சுற்றி டெங்குப் போஸ்டர், ஓட்டுப் போடச் சொல்லும் போஸ்டர், பிளாஸ்டிக் பை ஒழிப்பு, தலைக்கவசம் எல்லாம் சுருட்டி நிறுத்தியிருந்தது. நான் மூச்சு விடாமல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"படம்தானேம்மா. ஒரு அடையாளத்துக்குப் போட்டது."

"அந்தப் படத்தப் பாத்துட்டு ஒரு அக்கா மாத்திரைய நிறுத்தப் பாத்தாங்க சார்."

"இங்க வாங்க." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "மொதல்ல வெள்ள மாத்திரைதான் போட்டோம். போதைக்கு உபயோகிக்கிறது வெள்ளதான், எனக்கும் தெரியும். வெள்ளப் பேப்பர்ல வெள்ள மாத்திர எடுப்பாத் தெரியல. கலரா இருக்கணும்னு மேல சொன்னாக. நெட்டுல தேடுனோம், இது பளிச்சுன்னு இருந்துச்சு."

பளிச்சென்று இருந்தது. ஒரு மருந்து போதைப் பொருளானதற்குக் காரணம் அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்தச் சாரின் முகத்தைப் பார்த்தபோது வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அவர் ரத்த தானத்துக்கு ஒரு போஸ்டர் முடிக்க வேண்டியிருந்தது.

"டாக்டர் சீட்டு இருந்தாலும் குற்றம்னு போட்டிருக்கீங்களே சார்?"

"கொஞ்சம் பயம் இருக்கட்டுமேன்னு போட்டது. நல்ல காரியத்துல குத்தம் பாக்காதீங்கம்மா. எதுன்னாலும் மேலதான் சொல்லணும். மனுவா எழுதிக் குடுத்துருங்க."

எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை மனு வாங்குகிற இடத்தில் வரிசையில் நின்று, பட்டா மாறுதலுக்கு வந்தவர்களுக்கும் முதியோர் பென்சனுக்கு வந்தவர்களுக்கும் நடுவில் கொடுத்தேன். மூன்று பக்க மனு. மருந்தின் வேதிப்பெயர், அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று பரீட்சைக்கு எழுதுவது போல எழுதியிருந்தேன். வாங்கினவர் முதல் வரியைப் பார்த்தார். "போதை மாத்திரை சம்பந்தமாங்களா? வெரிகுட்" என்று சீல் வைத்தார். அந்த வெரிகுட்டுக்கு நான் சந்தோஷப்பட்டேன். அதற்கு அர்த்தம் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு, ஒரு ஏட்டு வந்தார். கையில் என் மனுவின் நகல். அதில் மருந்தின் பெயரை யாரோ பச்சை மையால் சுழித்திருந்தார்கள்.

"இங்க ரோஸ் கலர் போதை மாத்திரை விக்கிறதாத் தகவல் வந்திருக்கு. உள்ளதச் சொல்லிருங்க."

கடை முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். எதற்கும் பதறாத மனிதர். ஏட்டுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"தகவல் குடுத்தது யாருங்கய்யா?"

ஏட்டு காகிதத்தைப் பார்த்து வாசித்தார். வாசித்தது என் பெயர். முகவரி எங்கள் கடை முகவரி.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபமில்லை. அளவு தப்பிய சட்டையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. "ஏம்மா, உன்மேல நீயே புகார் குடுத்துக்கிட்டியா?"

நான் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். ஏட்டு இருப்புப் புத்தகத்தைப் பார்த்தார், சீட்டுகளைப் பார்த்தார். கடைசியில் அவரே ஒரு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்க மாமியாருக்கும் இதான் குடுக்காக. அவுகளுக்கும் வலிப்புதான்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "அப்ப நீங்களே எழுதுங்க சார், போஸ்டர்ல இருக்கது தப்புன்னு" என்றேன்.

"அது எங்க வேலை இல்லையேம்மா. 'விசாரித்ததில் புகாரில் உண்மை இல்லை'ன்னு எழுதலாம்."

அப்படியேதான் எழுதிக்கொண்டு போனார். போஸ்டரில் தப்பு இருக்கிறது என்ற என் புகாரில் உண்மை இல்லை என்று முடித்துவைக்கப்பட்டதாகப் பத்து நாளில் தபால் வந்தது.

அண்ணாச்சி வேறு ஒரு வழி சொன்னார். "இதே மருந்து வேற கம்பெனியில வெள்ளையா வருது. அத வாங்கிப் போடுவோம். ரோஸும் இல்ல, வம்பும் இல்ல."

"வலிப்பு மாத்திரைய டாக்டரக் கேக்காம நாமளா கம்பெனி மாத்தக் கூடாது அண்ணாச்சி. போஸ்டர் சரின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரியும் ஆயிரும்."

"ஆமா, நீ பெரிய கோர்ட்டு" என்றார். ஆனால் மாற்றவில்லை.

அந்தச் சித்திரையும் வைகாசியும் வெயில் எப்படி அடித்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். பஸ் நிறுத்தங்களில் ஒட்டின போஸ்டர்கள் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் போனது ரோஸ்தான். திருச்சுழி ரோட்டில் மாத்திரை முழுசாக வெள்ளையாகிவிட்டது, எழுத்து மட்டும் நின்றது. கடைக்கு வந்த ஒரு பெரியவர் காய்ச்சல் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையும் ரோட்டுல போட்டிருக்கானேய்யா" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "கெட்டுது போ. இனி வெள்ளையும் விக்க முடியாது. நல்ல வேள, நான் மாத்தல."

அன்றைக்குக் கடையில் எல்லோரும் சிரித்தோம். உண்மையிலேயே மாத்திரை தேடி வருகிற ஒருவன்கூட, "அக்கா, அந்தப் போஸ்டர்ல இருக்கது இருந்தாக் குடுங்க" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனான். அவனுக்குத் தெரியும், அது அவன் தேடுவது இல்லை என்று. அவனைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தப் போஸ்டர். அதை நம்பாதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

வெளுக்காத போஸ்டர் ஒன்றே ஒன்று இருந்தது. வெயில் படாத இடமாகப் பார்த்து நான் ஒட்டினது.

மனு, தபால், ஏட்டு என்று அலைந்ததில் அக்காவை நான் பார்க்கவே இல்லை. எதிர்த்த தெருவில்தான் செட்டு. மாத்திரை தீர்ந்திருக்க வேண்டிய தேதி ஒன்று வந்து போனது, அவர் வாங்க வரவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். போஸ்டர் மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினவள், போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் ஒரு நாள் கரண்டு போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ கடைக்கு முன்னால் வந்து நின்றது. செட்டு முதலாளி இறங்கினார், சட்டையில் ரத்தம். உள்ளே அக்கா கண்ணைத் திறந்தபடி, ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தறி நின்ற நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து, பானைக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறார். நெற்றி சிமெண்டுத் திண்டில் மோதியிருந்தது. பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டு நானும் ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல் போட்டார்கள். இன்னும் ரெண்டு நிமிஷம் கரண்டு போகாமல் இருந்திருந்தால் அவர் தறி முன்னால்தான் நின்றிருப்பார் என்று முதலாளி திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்காவுக்குத் தெளிந்த பிறகு கேட்டேன். "மாத்திரைய எப்பக்கா விட்டீங்க?"

"செட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னாக. காலையில செட்டுல சாப்பிட்டுட்டுப் போடுறத விட்டேன். பிறகு ராத்திரியும் மறந்து மறந்து… ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தான இருக்கோம்னு முழுசா விட்டுட்டேன். நீ அலையிறன்னு கேள்விப்பட்டேன். போஸ்டரு மாறட்டும், பிறகு போட்டுக்கிருவோம்னு இருந்தேன்."

வெளியே வராந்தாவில் முதலாளி சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"பாத்தியாம்மா. மாத்திரைய விட்டதும் உடம்பு எப்படிக் கேக்குதுன்னு. குடிகாரனுக்குக் கை நடுங்குற மாதிரிதான். போஸ்டருல போட்டது சரியாத்தான இருக்கு?"

அவரோடு நான் சண்டை போடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று பக்கம் எழுதத் தெரிந்த எனக்குப் பதில் ரொம்ப நேரம் கழித்துத்தான் தோன்றியது: கண்ணாடி போட்டுக்கொள்கிறவரிடம் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு, அவர் தடுக்கி விழுந்தால் கண்ணாடிக்கு அடிமை என்பீர்களா அண்ணே? அதற்குள் அவர் போய்விட்டார்.

அக்காவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் திட்டினார், என்னையும் சேர்த்து. மாத்திரையை மறுபடி படிப்படியாக ஆரம்பித்துக் கொடுத்தார். தமிழில், கொட்டை எழுத்தில், இது வலிப்பு மருந்து, நிறுத்தக் கூடாது என்று எழுதி வாங்கினேன். கொஞ்ச நாள் தறி ஓட்ட வேண்டாம், உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கச் சொல்லுங்கள் என்றும் எழுதினார். இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும் என்று அதைக் கொண்டுபோய்ச் செட்டு முதலாளியிடம் கொடுத்தேன்.

அவர் வாசித்தார். போஸ்டர் பக்கம் போய், சிவப்பு எழுத்தில் விரலை வைத்தார். தறிச் சத்தத்தில் பேசினால் கேட்காது, செட்டுக்குள் எல்லோரும் உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அவர் பேசவே இல்லை. விரல் மட்டும் வரியோடு நகர்ந்தது: டாக்டர், சீட்டு, இருந்தாலும்.

வெளியே வந்த பிறகு சொன்னார்: "தார்க்குச்சியில நூல் சுத்துற வேலை இருக்கு. உக்காந்து செய்யிறதுதான், நாளைக்கே தரலாம். இதே மாதிரி முத்திரை போட்டு, குத்தம் இல்லன்னு ஒரு காயிதம் கொண்டா. அதையும் பக்கத்துல ஒட்டிக்கிருவோம். எனக்கு என்ன, அந்தத் தாயி மாதிரி நூல் அறாம ஓட்டுற ஆளு யாரு இருக்கா?"

நடுவில் சும்மா அலைந்த இரண்டு தடவையையும் சேர்த்து, அந்த ஆபீஸுக்கு நாலாவது தடவையாகப் போனேன். முதல் தடவை பேசின வேகம் இப்போது என்னிடம் இல்லை. எதிரே உட்கார்ந்து, அக்காவின் நெற்றியில் போட்ட தையலைப் போனில் எடுத்திருந்த படத்தை மேஜை மேல் வைத்தேன். சார் போனைக் கையில் எடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மேஜைக்கு மேலே புதிதாக யோகா போஸ்டர் இருந்தது.

"புதுசா அடிக்க முடியாதும்மா. அதுக்கு நான் ஆளில்ல."

"தெரியும் சார். படத்து மேல ஒட்டுறதுக்கு ஒரு துண்டுச் சீட்டு. திருத்தம்னு. உங்க ஆபீஸ் சீல் மட்டும் வேணும். ஒட்டுறது நான்."

"எத்தன எடத்துல?"

"நான் ஒட்டுன எடமெல்லாம் எனக்குத் தெரியும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு டாக்டர் கையெழுத்தோடு வாசகத்தைக் கொண்டு வந்தால், வியாழக்கிழமை ஆபீசர் இருப்பார், அவர் முன்னால் வைக்கிறேன் என்றார். வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை. வைக்கிறேன் என்றார். நானும் அதைக் கூட்டிச் சொல்லவில்லை, அக்காவிடம்.

வாசகத்தை எழுதி எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதினது போஸ்டரைவிடப் பெரிதாக இருந்தது. அண்ணாச்சி பேனாவை வாங்கி, பில்லில் அடிப்பது போலக் குறுக்கே அடித்துக்கொண்டே போனார். "இத யாரு நின்னு வாசிப்பா? பஸ்ஸு வந்துரும்." கடைசியில் மிஞ்சியது இவ்வளவு: இந்தப் படத்தில் இருப்பது வலிப்பு நோய்க்கான மருந்து. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. டாக்டர் சீட்டோடு வாங்கி வைத்திருப்பது குற்றம் அல்ல.

தூக்கக் கலக்கம், தள்ளாட்டம் என்ற அடையாளப் பட்டியலை விட்டுவிட வேண்டியதாயிற்று. அதற்கு இடம் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. பங்குனியில் என்னிடம் யாராவது இடம் இல்லை என்று சொல்லியிருந்தால் இன்னொரு போஸ்டரே அடித்திருப்பேன். இப்போது மூன்று வரி கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

வாசகத்தில் நரம்பு டாக்டரின் கையெழுத்து வாங்க மதுரைக்கு ஒரு நடை. அங்கேயே அச்சடித்துக்கொண்டு, வந்து அளவாக வெட்டி வைத்திருக்கிறேன். செட்டுப் போஸ்டரில் மாத்திரை அட்டை என் கையால் ஒரு சாண் அகலம், நாலு விரல் உயரம். அதே அளவுதான் எல்லாச் சீட்டும்.

இன்று புதன்கிழமை. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் காகிதக் கவர் திறந்து கிடந்தது. இன்றைக்குக் காலையில் போட வேண்டியது போட்டாயிற்று என்று அட்டையில் காலியான குழியைக் காட்டினார். நெற்றிக் காயம் ஆறித் தழும்பாகிவிட்டது. எதிரே செட்டு ஓடுகிற சத்தம். அவர் ஓட்டிய தறி எது என்று சத்தத்தை வைத்தே சொன்னார்: "மூணாவது. இப்ப ஓட்டுற புள்ள அவசரக்காரி, நூல அத்துக்கிட்டே இருக்கா."

"நாளைக்குப் போறேன்க்கா. சீல் வச்சதும் மொத சீட்டு உங்க செட்டுலதான்."

"வச்சுக் குடுப்பாகளா?"

"பாப்போம்க்கா."

"பசை கொண்டு போறியா?"

"காய்ச்சி வச்சிருக்கேன்."

"ஒட்டுறதுக்கு முன்னாடி இந்தத் தடவையாச்சும் வாசிச்சிரு பாப்பா" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். பையில் வெட்டிய சீட்டுகள், டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள், மூடி இறுக்கின டப்பாவில் பசை. ஆபீசர் வந்தால், சாரும் சொன்னபடி எடுத்து வைத்தால், சீல் விழுந்தால், திரும்பி வந்து தறி நிற்கிற நேரத்துக்குக்கூடக் காத்திருக்காமல் செட்டுக்குள் போய் ஒட்டிவிட்டு, முதலாளி முன்னால் விரலை வைத்து வரியோடு நகர்த்திக் காட்ட வேண்டும். விழாவிட்டால் அடுத்த வியாழக்கிழமை இருக்கிறது. அதற்குள் பசை புளித்துப்போகும், மறுபடி காய்ச்ச வேண்டும்.